போன வருஷம் பூத்த செங்காந்தள் இந்த ஆடியில் ஏன் முளைக்கவில்லை?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டுக் கொல்லையில், தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வர வேண்டும் என்று, போன ஆனியில் இரண்டு செங்காந்தள் கிழங்கு நட்டீர்கள். ஒன்று கார்த்திகையில் நன்றாகப் பூத்தது, இன்னொன்று இலையோடு நின்றுவிட்டது. தை மாதம் கொடி காய்ந்த பிறகும் கோடை முழுக்கத் தினம் தண்ணீர் விட்டிருக்கிறீர்கள். ஆடி பாதி கடந்தும் முளை இல்லை, என்ன உரம் போடலாம் என்று கேட்கிறீர்கள். வண்ணத்துப்பூச்சி வந்தும் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை என்பது இன்னொரு குறை. வருஷா வருஷம் தானே எழுந்து வர வேண்டிய செடி ஏன் வரவில்லை என்பதுதான் இதில் உள்ள உண்மையான கேள்வி. அதற்கும் உரத்துக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. கோடையில் விட்ட தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

செங்காந்தள் கொடி மண்ணுக்கு மேலே இருப்பது ஐந்தாறு மாதம்தான். மீதி நாளெல்லாம் கிழங்காக மண்ணுக்குள் கிடக்கும். ஆனி, ஆடியில் முளைத்து, புரட்டாசிக்கு மேல் பூக்க ஆரம்பித்து, மார்கழி தையில் இலை பழுத்து அடியோடு காய்ந்துவிடும். நட்ட கிழங்கே வருஷக்கணக்காக நீடிப்பதும் இல்லை. கொடி வளர வளரப் பழைய கிழங்கு தன்னிடம் உள்ள மாவைக் கொடுத்துவிட்டுச் சுருங்கி வெறும் தோலாகும். அதன் பக்கத்தில் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த புதுக் கிழங்கு திரளும். அந்தக் கவையின் நுனியில்தான் கண் இருக்கும், அடுத்த ஆண்டுக் கொடி அந்தக் கண்ணிலிருந்துதான் வரும். உருளைக்கிழங்குக்கு இருப்பதுபோல மேலெல்லாம் கண் கிடையாது. நுனி ஒடிந்தால் அந்தக் கவை எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது. உறங்கும் கிழங்குக்குத் தண்ணீரை உறிஞ்சும் வேலையும் இல்லை, வெளியே விடும் இலையும் இல்லை. விட்ட தண்ணீர் அதைச் சுற்றித் தேங்கும், மாசி பங்குனி வெயிலில் அந்த ஈரம் சூடேறும், பூஞ்சை உள்ளே இறங்கும். அந்தச் சமயத்தில் புண்ணாக்கோ யூரியாவோ போட்டால் அழுகல் இன்னும் வேகமாகும்.

உங்கள் கிழங்கு அழுகிவிட்டதா, இன்னும் உறங்குகிறதா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. ஒரே தோட்டத்தில் ஒரு கிழங்கு ஆனியில் முளைக்கும், பக்கத்துக் கிழங்கு ஆவணி வரை பேசாமல் கிடக்கும். தோண்டித்தான் பார்க்க வேண்டும். மண்வெட்டி, கடப்பாரை வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு, கொடி நின்ற இடத்திலிருந்து ஓரடி தள்ளிச் சின்னக் கரண்டியால் பள்ளம் பறித்து, பக்கவாட்டில் விரலால் மண்ணைத் தள்ளிக்கொண்டே போங்கள். புதுக் கிழங்கு நீங்கள் நட்ட ஆழத்துக்குச் சற்றுக் கீழேகூட இருக்கலாம். தொட்டால் கெட்டியாக இருந்து, நுனியில் வெளுத்த குருத்து லேசாகப் புடைத்திருந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே மூடிவிட்டுக் காத்திருங்கள். அமுக்கினால் கொழகொழவென்று நாற்றத்தோடு குழைந்தால் அது போய்விட்டது. ஒரு கவை அழுகி மற்றது நன்றாக இருந்தால், இரண்டும் சேரும் மூட்டில் சுத்தமான கத்தியால் வெட்டிப் பிரித்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் வெட்டுவாயை உலரவிட்டு வேறு இடத்தில் நடலாம். அழுகின இடத்தில் வெள்ளை நூல் போன்ற பூஞ்சையும் கடுகளவு பழுப்பு மணிகளும் தெரிந்தால், அந்த மணிகள் மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அந்தக் குழியில் மறுபடி செங்காந்தள் வைக்காதீர்கள்.

தோண்டுவதற்கு முன் இதையும் படித்துவிடுங்கள். வீட்டில் குழந்தை இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தச் செடியின் வேர் முதல் விதை வரை எல்லாவற்றிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் அதிகம். சர்க்கரைவள்ளி என்று நினைத்துச் சமைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. வேகவைத்தால் நஞ்சு போய்விடாது. தின்ற உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். அது அடங்கிவிட்டது போலத் தோன்றியபின் சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை எல்லாம் பாதிக்கப்படும். இதை முறிக்க எளிதில் கிடைக்கும் மருந்து கிடையாது. ஆகவே ஒரு துண்டு வாயில் போனதாகச் சந்தேகம் வந்தால்கூட அறிகுறிக்குக் காத்திருக்காமல், கை வைத்தியம் எதுவும் பார்க்காமல், செடியின் ஒரு துண்டையும் பையில் போட்டுக்கொண்டு கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். ஆடு, மாடு, நாய் எல்லாவற்றுக்கும் இதே ஆபத்துதான். நடக்கப் பழகிக் கண்டதை வாயில் வைக்கும் வயதுக் குழந்தை என்றால், இரண்டு மூன்று வருஷம் இந்தச் செடியைத் தள்ளிப்போடுவதே நல்லது. கொஞ்சம் வளர்ந்த குழந்தை என்றால் கம்பி வேலிக்கு அப்பால் வைத்து, சொல்லிப் புரியவைத்து வளர்க்கலாம்.

இனி மண். இந்தக் கரையோரத்தில் செங்காந்தள் தானாக வளரும் இடங்கள் வேலிப் புதர்கள், கோயில்காட்டு ஓரங்கள், செம்மண் மேடுகள். அடியில் நிழலும் சருகும், மேலே வெயில், மழை நீர் நிற்காத சரிவு என்று எல்லாம் ஒன்றாக அமைந்த இடங்கள் அவை. கேப்பர் மலை, பண்ருட்டி முந்திரித் தோப்புகள், புதுச்சேரியில் லாசுப்பேட்டை, கோரிமேடு பக்கத்துச் செம்மண்ணில் இதை வளர்ப்பது சுலபம். தேவனாம்பட்டினம், அரியாங்குப்பம் போன்ற மணல் பூமியில் வடிகால் பிரச்சினை இல்லை, எரு மட்டும் கூடுதலாக வேண்டும். உங்கள் மஞ்சக்குப்பமோ கெடிலம் ஆற்றங்கரை. மண் பெரும்பாலும் வண்டல், களி கலந்தது. பாகூர் வயல்வெளிப் பக்கமும் இதே சங்கடம்தான். நம் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது, புதுக் கிழங்கு திரள்வதும் அதே மாதங்களில்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அப்படி ஒரு மழையில் எவ்வளவு நல்ல மண்கலவையானாலும் தரை மட்டத்தில் இருந்தால் நீருக்குள்தான் இருக்கும். களிமண்ணில் ஓரடி உயர மேட்டுப் பாத்தி கட்டாமல் நடுவது வீண். செங்கல்லை அந்த உயரத்துக்கு அடுக்கி, சாந்து பூசாமல் இடுக்கு விட்டு, உள்ளே செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு பங்கு என்று நிரப்பினால் போதும். கடல் மணல் வேண்டாம், உப்பு. தொட்டி என்றால் வாய் 12 அங்குலத்துக்குக் குறையாமல், ஒரு கிழங்குக்கு ஒரு தொட்டி. அடியில் நாலைந்து துளை போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

புதுக் கிழங்கு வாங்குவதானால் எடை பார்த்து வாங்குங்கள். 50, 60 கிராம் கிழங்கு முதல் ஆண்டே பூக்கும். விரல் பருமன் கிழங்கு ஒன்றிரண்டு வருஷம் இலை மட்டும் விட்டுத் தன்னைப் பெருக்கிக்கொள்ளும். உங்களுடைய இரண்டாவது செடி பூக்காமல் நின்றதற்கு இதுவோ நிழலோ காரணமாக இருக்கலாம். நுனிக் கண் ஒடியாமல் இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மூலனூர், வேதாரண்யம் பக்கம் விதைக்காக இதைக் 'கண்வலிக்கிழங்கு' என்று வயலில் பயிராகவே செய்கிறார்கள். அங்கிருந்து வரும் கிழங்கை வாங்குவது, காட்டில் தோண்டிக்கொண்டு வந்து விற்பவரிடம் வாங்குவதைவிட எல்லா வகையிலும் நல்லது. காட்டுச் செடி குறைந்துகொண்டே வருகிறது. பூச்சிகளுக்காகத் தோட்டம் போடுகிறவர் காட்டில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு வருவதில் பொருளில்லை.

நடும்போது கிழங்கைப் படுக்கவைத்து, நுனிக் கண் சற்று மேல்நோக்கி இருக்குமாறு, 6 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மூட வேண்டும். மணல் பூமியில் 10 வரை போகலாம். இரண்டு கிழங்குக்கு இடையில் ஒன்றரை அடி. கார்பென்டசிமில் நனைத்த கிழங்குக்கு அதே வேளையில் ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த எரு போடாதீர்கள். அந்த மருந்து ட்ரைக்கோடெர்மாவையும் சேர்த்துக் கொல்லும். இரண்டில் ஒன்று போதும். ஒருமுறை நனையத் தண்ணீர் ஊற்றிவிட்டு, முளை தெரியும்வரை மேல்மண் காய்ந்தால் மட்டும் லேசாகத் தெளியுங்கள். மூன்று நாலு வாரத்தில் ஈட்டி முனை போல முளை எட்டிப்பார்க்கும்.

பலரும் கோட்டை விடுவது கொழுகொம்பில். இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றிக்கொள்கிறது. அந்த நுனியால் பென்சிலைவிடப் பருமனான எதையும் சுற்ற முடியாது. பிவிசி குழாயும் சுவரும் மூங்கில் கழியும் இதற்கு உதவாது, பற்ற இடமில்லாமல் கொடி தரையில் விழுந்து ஒடியும். நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும் சவுக்கு மிலாறுதான், அதாவது சவுக்கின் மெல்லிய கிளைதான், இதற்கு ஏற்றது. ஐந்தாறடி மிலாறு நாலைந்தை முளை வருவதற்கு முன்பே பாத்தியைச் சுற்றி ஊன்றி, மேலே ஒன்றாகக் கட்டிவிடுங்கள். முளைத்த பிறகு ஊன்றினால் கிழங்கில் குத்தும். தண்டு அடியில் ஒடிந்துபோனால் அந்தக் கண்ணுக்கு அந்த வருஷம் அவ்வளவுதான். ஐப்பசிக் காற்றுக்கு முன் மிலாறுகளைப் பக்கத்து வேலியோடு சேர்த்துக் கட்டுவதும் அவசியம். காலை வெயில் ஐந்து மணி நேரமாவது கொடியின் மேல்பாதியில் விழ வேண்டும். அடிப்பாகத்தைச் சருகால் மூடி வையுங்கள்.

கொடி வளரும்போது மழை இல்லாவிட்டால் தரையில் நாலு நாளைக்கு ஒருமுறை, தொட்டியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் போதும். போர் தண்ணீரில் உப்பு ஏறியிருந்தால் முதலில் கருகுவது இலை நுனி. நுனி கருகினால் கொடி ஏறாது. மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்ற முடிந்தால் ஊற்றுங்கள். உரம் என்று பெரிதாக வேண்டாம். முளைத்து ஒரு மாதம் கழித்து ஒரு கைப்பிடி மண்புழு உரம், மொட்டு வரும்போது இன்னொரு கைப்பிடி. தழைச்சத்து மிஞ்சினால் இலை தழைத்துப் பூ குறையும், தண்டும் பொதபொதவென்று வளர்ந்து காற்றுக்கு ஒடியும்.

காய் பிடிக்காததற்குக் காரணம் அநேகமாகப் பூவின் அமைப்பு. செங்காந்தள் மொட்டு தலைகீழாகத் தொங்கும். விரிந்ததும் ஆறு இதழும் பின்னோக்கி மேலே மடிந்துவிடும். பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கி நுனி சிவந்து, ஒரு வாரம் பத்து நாளில் முழுச் சிவப்பாகும். ஆறு மகரந்தத் தாள்களும் நாலு பக்கமும் அகல விரிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்கோணமாக மடங்கி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் அந்தத் தண்டின் நுனியான சூல்முடியில் விழுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. தேன் இருப்பதோ இதழின் அடியில். பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று சிறகடித்தபடி தேனுக்காக வரும்போது சிறகு மகரந்தப் பையில் உரசும், அந்தச் சிறகே அடுத்த பூவின் சூல்முடியில் பட்டால் காய் பிடிக்கும். தேன்சிட்டும் வந்து போகும். தேனீ வருவது மகரந்தத்துக்காக. பையிலிருந்து நேராக அள்ளிக்கொண்டு, தள்ளி நிற்கும் சூல்முடியைப் பெரும்பாலும் தொடாமலே போய்விடும். எனவே பூச்சி வருகிறது என்பதை வைத்துக் காய் பிடிக்கும் என்று எண்ண முடியாது. போதாததற்கு உங்களிடம் பூத்தது ஒரே செடி. மகரந்தம் வாங்க அடுத்த செடியே இல்லை.

வெவ்வேறு இடத்திலிருந்து வாங்கிய மூன்று நாலு கிழங்காவது ஒரே பாத்தியில் இருந்தால் நிலைமை மாறும். அதற்கு மேலும் உறுதி வேண்டுமென்றால், விதைக்காகப் பயிரிடும் விவசாயிகள் செய்வதையே செய்யுங்கள். காலை 8 மணிக்கு மேல் 11 மணிக்குள், பை வெடித்து மகரந்தம் தூளாகத் தெரியும் பூவிலிருந்து சின்னத் தூரிகையாலோ இடுக்கியாலோ எடுத்து, இன்னொரு செடியில் விரிந்து ஓரிரு நாளான பூவின் மூன்றாகப் பிரிந்த சூல்முடியில் தடவ வேண்டும். மழை நாளில் மகரந்தம் நனைந்து கட்டிக்கொள்ளும், தடவிப் பயனில்லை. கார்த்திகையில் வெயில் முகம் காட்டும் காலைகள் சில நாள்தான் கிடைக்கும், அன்று தள்ளிப்போடாதீர்கள். காய் பச்சை மாறி வெளிறிச் சுருக்கம் விழும்போது பறிக்காவிட்டால் வெடித்து, உள்ளே இருக்கும் சிவப்பு விதை வெளியே தெரியும். குழந்தைகளின் கண்ணைப் பறிக்கும் சிவப்பு அது, வீட்டில் குழந்தை இருந்தால் வெடிக்கவிடாதீர்கள். விதையிலிருந்து செடி வரும் என்றாலும் முளைப்பு தாறுமாறாக இருக்கும், பூ பார்க்க மூன்று நாலு வருஷம் ஆகும். அவசரம் இல்லாதவர்களுக்கான வழி அது.

ஆவணி முதல் ஐப்பசி வரை இலையில் கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி போட்ட புழுக்கள் கூட்டமாகத் தெரியும். அசந்தால் ஓரிரு நாளில் கொடியை மொட்டையாக்கும். பூச்சிமருந்து அடித்தால் நீங்கள் யாருக்காகச் செடி வளர்க்கிறீர்களோ அவையும் சாகும். காலையும் மாலையும் இடுக்கியால் எடுத்து சோப்புத் தண்ணீரில் போடுவது போதும். இரண்டு மூன்று செடிக்கு இது பெரிய வேலையில்லை. கை மீறினால், மொட்டு விடுவதற்கு முன்பு மட்டும், லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைத் தூளை இரவு ஊறவைத்து வடிகட்டி மாலையில் இலை மேல் தெளிக்கலாம். வீட்டில் வெள்ளை லில்லிச் செடிகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். இதே புழு அங்கேயும் குடியிருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் இருப்பது நல்லது. மழைக்காலத்தில் இலையில் பழுப்புத் திட்டு பரவினால் அந்த இலைகளை எடுத்துவிடுங்கள், காற்றோட்டம் இருந்தால் பெரும்பாலும் அதோடு நிற்கும்.

மார்கழியில் இலை பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைத்து, தை முடிவதற்குள் அடியோடு நிறுத்துங்கள். கொடியில் பச்சை மிச்சம் இருக்கும்போதே வெட்டாதீர்கள். இலையிலிருந்து கிழங்குக்குப் போக வேண்டியது இன்னும் போய்க்கொண்டிருக்கும். லேசாக இழுத்தாலே கழன்று வரும்போது எடுக்கலாம். தொட்டியைத் தாழ்வாரத்தில் மழை படாத மூலைக்கு நகர்த்திவிடுங்கள். தரையில் இருப்பதற்கு ஒரு குச்சி ஊன்றி அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் சித்திரையில் களை கொத்துகிறவர் கிழங்கையும் சேர்த்துக் கொத்திவிடுவார். மேட்டுப் பாத்தியில் கோடை மழை நாலு தூறல் விழுவதால் ஒன்றும் ஆகாது. களித்தரையிலேயே நட்டிருந்தால் மாசியில் தோண்டி எடுத்து, மண்சட்டியில் காய்ந்த மணலில் படுக்கவைத்து, காற்றாடும் நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து அழுகும். சட்டி மேல் 'விஷம்' என்று பெரிதாக எழுதி, சமையலறைப் பக்கமே வராத இடத்தில் வைக்க வேண்டும். ஆனியில் எடுத்து, சுருங்கியதையும் மெத்தென்று இருப்பதையும் ஒதுக்கிவிட்டு நடலாம்.

தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வருஷம் முழுக்க வர வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், செங்காந்தள் ஒன்றை மட்டும் நம்ப முடியாது. இது பூப்பது மூன்று மாதம், மகரந்தம் சேர்க்கும் பூச்சிகளிலும் ஒரு பகுதிக்குத்தான் இதன் பூ பொருந்தும். ஆவாரையை வேலியோரம் இரண்டு வையுங்கள். அதில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். ஆனால் உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் கருவண்டுத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் அதைத் தேடி வரும், மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகள் அதன் இலையில் முட்டையிடும். ஆவாரை விதையின் தோல் கடினம். கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு இரவு முழுக்க ஆறவிட்டு விதைத்தால் முளைப்பு கூடும். தும்பை ஒரு பருவச் செடிதான் என்றாலும் மழைக்குப் பின் தானே விழுந்து முளைக்கும். களை என்று பிடுங்காமல் விட்டால் சின்னத் தேனீக்களுக்கு அதுவே போதும். கொல்லைக் கோடியில் எருக்கு இருந்தால் வெட்டாதீர்கள். இந்த ஆடியில் செங்காந்தள் கிழங்கு கிடைக்காவிட்டால், கட்டிய மேட்டுப் பாத்தியில் ஆவாரையும் தும்பையும் விதைத்துவிடாமல் சும்மா விட்டு, ஆவாரையைத் தரையிலேயே போடுங்கள். அது வேர் ஆழமாக விடும், பிறகு கிழங்கு வைக்க இடம் இருக்காது.